‘கொள்ளாம்’னு மட்டும் சொல்லாதீங்க

எங்கள் பக்கம் ‘கொள்ளாம்’ என்று ஒரு சொல் உண்டு. நன்றாக இருக்கிறது என்பதற்கும் கொள்ளாம்தான், ஏதோ பரவாயில்லை என்பதற்கும் கொள்ளாம்தான், வாயில் வைக்க முடியவில்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனசு வரவில்லை என்பதற்கும் அதேதான். ராகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘கொள்ளாஆம்’ என்று இழுத்தால் தட்டு காலியாகும். ‘கொள்ளாம் கொள்ளாம்’ என்று இரண்டு தடவை வேகமாக வந்தால் மிச்சம் கோழிக்குப் போகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. இங்கே நாலு வீட்டுக்காரர்கள் ஒன்றரை வருஷமாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறோம். செலவு குறைந்த சமையல் குறிப்பு என்று எங்காவது பார்த்தால் அதை ஒரு தாளில் எழுதி, நாலு வீட்டிலும் ஒரே வாரத்தில் செய்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து ஒரு மயக்கம் வருமே, அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துத் தின்று பார்ப்போம். பெரிய திட்டம் எல்லாம் இல்லை. ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது.

சண்டை எனக்கும் கீழவீட்டு மைனிக்கும். முட்டை இல்லாமல், ஓவன் இல்லாமல், ரேஷன் கோதுமையும் கனிந்த வாழைப்பழமும் கருப்பட்டியும் வைத்துக் குக்கரில் கேக் செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்தேன். நடுவில் குழி விழுந்து, அடியில் கரிந்து, உள்ளே களி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு சாமான் வந்தது. என் மகன் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டு, “இது அல்வாவா அம்மா?” என்று கேட்டான். அதே வீடியோவைப் பார்த்து மைனியும் செய்திருக்கிறார், அவருக்கு வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால் துண்டு போட முடிந்தது, அவ்வளவுதான், தொண்டையில் இறங்கத் தண்ணீர் வேண்டும். அதற்கே அவர், “ஒனக்குப் பொறுமை இல்ல பிள்ளே, இடையில தொறந்து பாத்திருப்ப” என்றார். நான் திறக்கவே இல்லை. அதுதான் கோபம்.

சரி, யார் பக்கம் நியாயம் என்று பார்த்துவிடலாம் என்று அடுத்த வாரம் தெரிந்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா. இன்னொருவர் தெரு முனையில் இருக்கும் பெரியம்மை, எழுபத்தேழு வயது, கேஸ் அடுப்பு இருந்தும் பாதிச் சமையல் இன்றும் விறகில்தான். ஒரே குறிப்பு, நாலு அடுப்பு. இரண்டு டம்ளர் கோதுமை மாவு, ஐந்து பாளையங்கோட்டான் பழம், இருநூறு கிராம் கருப்பட்டி, அரை டம்ளர் பாமாயில், கால் டம்ளர் தயிர், ஒரு ஸ்பூன் சோடா உப்பு.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் நாலு தட்டு வந்தது. ஒரே அம்மைக்குப் பிறந்த நாலு பிள்ளைகள் மாதிரி கூட இல்லை, நாலும் வேறே ஜாதி. என்னுடையது மறுபடியும் குழி. மைனியுடையது மறுபடியும் வறட்டு ரொட்டி. டீச்சர் அக்காவுடையது நல்ல உயரம், நல்ல கறுப்பு நிறம், பார்த்தால் கடையில் வாங்கியது போல, வாயில் போட்டால் சோப்பு. பெரியம்மையுடையதுதான் கேக். கொஞ்சம் புகை வாசம், மேலே லேசாக முறுகல், உள்ளே பஞ்சு. எல்லாரும் எல்லாவற்றையும் தின்றுவிட்டு நாலுக்கும் சேர்த்து ‘கொள்ளாம்’ என்றோம். டீச்சர் அக்காதான் பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்: “இனி இந்தத் திண்ணையில யாரும் கொள்ளாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்குத் தடை.

தடை போட்டதும்தான் உண்மை வெளியே வந்தது. பெரியம்மை டீச்சர் அக்காவின் கேக்கை ஒரு வாய் வைத்துவிட்டு, “சோப்புக் கட்டிய நக்குன மாதிரி இருக்கு மக்களே” என்றார். டீச்சர் அக்கா சிரித்துவிட்டார். நல்லவேளை.

பிறகு நாலு பேருடைய டம்ளரையும் கொண்டுவரச் சொன்னோம். என்னுடையது காப்பி குடிக்கிற சின்ன டம்ளர். மைனியுடையது தண்ணீர் குடிக்கிற பெரிய டம்ளர். இரண்டு டம்ளர் மாவு என்று நான் போட்டது தராசில் 165 கிராம், மைனி போட்டது 265. பழம் இரண்டு பேருக்கும் ஐந்து, கருப்பட்டி இரண்டு பேருக்கும் இருநூறு கிராம். எனக்கு மாவு குறைந்து ஈரம் கூடிவிட்டது, அதனால் எழும்பின கேக் நிற்க வலு இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. அவருக்கு மாவு கூடி வறண்டுவிட்டது. பொறுமைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! குறிப்பு எழுதின ஆள் ஒன்றை டம்ளரில் சொல்லி, ஒன்றை எண்ணிக்கையில் சொல்லி, ஒன்றைக் கிராமில் சொன்னதுதான் கோளாறு. எல்லாமே டம்ளரில் இருந்திருந்தால் சின்ன டம்ளருக்குச் சின்ன கேக், பெரிய டம்ளருக்குப் பெரிய கேக், சண்டையே வந்திருக்காது. டீச்சர் அக்காவின் ஸ்பூன் குழம்பு விளம்புகிற பெரிய ஸ்பூன். சோடா உப்பு அளவாக இருந்தால் தயிரிலும் பழத்திலும் இருக்கும் புளிப்போடு சேர்ந்து காற்றை விட்டுவிட்டு அடங்கிவிடும். புளிப்பு தீர்ந்த பிறகும் மிச்சம் நின்றால் அது சோப்பு ருசி, நிறமும் கறுத்துப்போகும். அந்த நல்ல கறுப்பு நிறம் கருப்பட்டியால் வந்தது என்று நாங்கள் முதலில் மெச்சினோம், பாதி சோடாவின் வேலை.

பெரியம்மையிடம் ரகசியம் கேட்டதற்கு, “எனக்கு மாவு கையில தெரியும்” என்றார். இது எழுத்துக்கு உதவாத பதில், ஆனால் பொய் இல்லை. அவர் டம்ளரே எடுக்கவில்லை, இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வரும்வரை மாவைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அடுப்பு விஷயம்தான் எங்களை அசத்தியது. பழைய அலுமினியப் பானையில் இரண்டு விரல் ஆற்றுமணல், அதன்மேல் ஒரு கல், கல்லின்மேல் கேக் பாத்திரம், பானைக்கு மேல் தட்டு மூடி, அந்தத் தட்டின்மேல் சிரட்டைக் கனல். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. எங்கள் குக்கரில் சூடு கீழிருந்து மட்டும் வருகிறது, மூடியில் நீர் கோத்துச் சொட்டுகிறது, மேல்பக்கம் வெளிறிப்போய் ஒட்டுகிறது. சிரட்டை நம் வீட்டில் தினமும் குப்பையில் போகிற சாமான். தேங்காய் இல்லாமல் ஒரு நேரம் கூட ஓடாத மாவட்டத்தில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு நான் குக்கர் மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டினேன், நீர் சொட்டுவது நின்றது. விசிலையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட வேண்டும், துணியின் முனையெல்லாம் மேலே கட்டி நெருப்பில் படாமல் பார்க்க வேண்டும். ஒரு தடவை எனக்கு முனை பொசுங்கியது.

நாலாவது தடவையில் இந்தக் கணக்குக்கு வந்தோம்: மாவு 250 கிராம், உரித்த பழம் 300, இனிப்பு 150, எண்ணெய் 80, தயிர் 100, சோடா உப்பு தேநீர் ஸ்பூனில் தலை வழித்து ஒன்று. பழம் பாளையங்கோட்டானோ கதலியோ தோல் கறுக்கக் கறுக்க நல்லது. மட்டி வேண்டாம். வாசனை அபாரம்தான், 2023இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்த பழம், ஆனால் பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுகிற மட்டியைக் கேக்கில் போட்டுப் பிசைகிறோம் என்றதும் மைனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. விலையும் கட்டாது.

‘இனிப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாலு பேரில் மூன்று பேர், நாட்டுச் சாமான் என்றால் செலவு குறைவு என்றே நம்பிக்கொண்டிருந்தோம். டீச்சர் அக்கா ஒரு நோட்டில் விலை போட்டுப் பார்த்தார். கோதுமை ரேஷனில் கிடைத்தது, அரைக்கூலி மட்டும். பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அதுவும் ரேஷன். பழம் கனிந்துபோய் ஆடு தின்ன வேண்டியது. கருப்பட்டி? நாங்கள் வாங்கியது கிலோ 320. கேக்குக்குப் போன 150 கிராம் மட்டும் 48 ரூபாய், மற்ற எல்லாம் சேர்ந்தும் அதில் பாதி வரவில்லை. ரேஷன் சீனி கிலோ 25 ரூபாய், அதே எடைக்கு நாலு ரூபாய் கூட ஆகாது. ‘ஏழைகளின் கேக்’ என்று அந்த வீடியோவில் தலைப்பு வேறு. இப்போது சீனி 110, கருப்பட்டி 40 என்று போடுகிறோம். கருப்பட்டியை உருக்கி வடிகட்டியே ஆகவேண்டும், அடியில் மண் நிற்கும். உருக்கின பாகு ஆறின பிறகுதான் சேர்க்கணும், சூட்டோடு ஊற்றினால் சோடா உப்பு பாத்திரத்திலேயே பொங்கித் தீர்ந்து அடுப்புக்குப் போகும்போது சும்மா இருக்கும். இதையும் நான்தான் கண்டுபிடித்தேன், வேறு யார்.

தாளுக்கு ஒரு சட்டம் வந்தது இதிலிருந்துதான். ‘தேவையான அளவு’, ‘ருசிக்கேற்ப’, ‘பக்குவம் வந்ததும்’ இந்த மூன்றும் கூடாது. எழுதினவரிடம் யாரும் போன் போட்டுக் கேட்கவும் கூடாது, கேட்கத் தோன்றினால் அந்த இடத்தில் தாளில் ஒரு வட்டம் போட வேண்டும். முதல் மாதம் என்னுடைய தாள்கள் திரும்பி வந்தபோது அம்மை வார்த்த உடம்பு மாதிரி இருந்தன. கடைசியில் ஒரு கேள்வி: இதை உங்கள் சொந்தக் காசில் மறுபடி செய்வீர்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. ருசியைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் நம் ஆட்கள் மழுப்புவார்கள், காசு என்றதும் வாய் நேராகிவிடும்.

அளவுப் பிரச்சினை நமக்குப் புதிது இல்லை. என் அம்மை எழுதிவைத்த நோட்டில் எல்லாமே நாழிக் கணக்கு. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் நாழி, இடங்கழி, பறை என்று அந்தப் பக்கத்து அளவு, நாலு நாழி ஒரு இடங்கழி. கிழக்கே பாண்டி நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களுக்கு உழக்கு, உரி, நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். இரண்டு பக்கத்துக்கும் நாழி என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் என் அம்மை வீட்டு நாழியில் தண்ணீர் ஊற்றி மாமியார் வீட்டு நாழியில் கவிழ்த்துப் பார்த்தேன், கொஞ்சம் வழிந்தது. எத்தனை மருமகள்கள் இதற்காக ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை வட்டயப்பம், ஆவியில் வேகிற அரிசி அப்பம். அதைப் பொங்கவைக்க அந்தக் காலத்தில் கள் சேர்ப்பார்கள், இப்போது தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, கேரள எல்லையைத் தாண்டிப் போய் ஒரு அப்பத்துக்காகக் கள் வாங்கி வருவதெல்லாம் நடக்காது, ஆகவே ஈஸ்ட். பெரியம்மை சொன்னார், அவருடைய அம்மை கள் கிடைக்காத நாளில் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து ஊற்றுவாராம். நம் வீடுகளில் தினம் ஒரு தேங்காயாவது உடைக்கிறோம், தண்ணீரை ஒன்று பிள்ளைகள் குடிக்கும், இல்லையென்றால் சிங்கில் போகும். காசில்லாத ஈஸ்ட் என்று துள்ளிக்குதித்தோம்.

ஒரு தேங்காயின் தண்ணீர், ஒரு ஸ்பூன் சீனி, பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி. மறுநாள் ஊறவைத்த பச்சரிசியைத் தேங்காய்த் துருவலோடு அரைத்து, அதில் ஒரு கரண்டி மாவைக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்துக் கலந்து, இந்தத் தண்ணீரை ஊற்றிப் பொங்கவிட வேண்டும். என் வீட்டில் அஞ்சு மணி நேரத்தில் பாத்திரம் நிறைந்து வழிந்தது. மைனி வீட்டில் பத்து மணி நேரம் ஆகியும் மாவு அசையவே இல்லை, ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகளுக்கு அதைத் தோசையாக ஊற்றிக் கொடுத்திருக்கிறார். டீச்சர் அக்கா வீட்டில் வேறு கதை. அவர் ஒழுங்கான மனுஷி, பாட்டில் மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு டமார் என்று சத்தம். கள்ளன் என்று நினைத்து அவர் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனால், மூடி உத்தரத்தில் அடித்து விழுந்து கிடக்கிறது, அலமாரி முழுக்க நுரை. மூடியை லேசாக வைக்க வேண்டும் என்று தாளில் எழுதாமல் விட்டது நான்தான். எனக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை, அம்மை வைக்கிறதைப் பார்த்துப் பழகியது, கையே அப்படித்தான் வைக்கும்.

மைனியின் தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்தோம். அவர் பாட்டிலை அடுப்புக்கு ஒட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார், சூடு கூடித் தண்ணீரில் ஊறின நுண்ணுயிர் செத்திருக்கலாம் என்று ஒரு கட்சி. தேங்காய் பழசாகித் தண்ணீரில் எண்ணெய் வாடை தட்டியிருந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டையும் மாற்றிச் செய்ததில் வந்துவிட்டது, ஆகையால் எது காரணம் என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஒன்றை மட்டும் மாற்றியிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டோம். காற்றில் இருக்கிற ஈஸ்ட்டை நம்பினால் அது வருகிற நாளில் வரும், விருந்தாள் வருகிற நாளில் வராது. கடைசியில் தாளில் நின்ற வாசகம் இது: தேங்காய்த் தண்ணீர் முழு அளவு, கூடவே கடை ஈஸ்ட் இரண்டு விரலால் கிள்ளின அளவு. கிள்ளினால் அரை ரூபாய் கூட இருக்காது. ருசி தேங்காய்த் தண்ணீருடையது, பொறுப்பு ஈஸ்ட்டுடையது. ஏலக்காய் ஒன்று தட்டிப்போட்டு, எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி இட்லிச் சட்டியில் இருபது நிமிஷம். நாலு தாளிலும் ‘ஆம்’ வாங்கிய முதல் குறிப்பு இதுதான்.

ஈஸ்ட் என்றதும் தமாம் அண்ணனைச் சொல்ல வேண்டும். சவுதி அரேபியாவில் தமாம் ஊரில் பதினெட்டு வருஷம் பேக்கரியில் நின்றுவிட்டு வந்தவர், எங்கள் திண்ணைக்கு அழையாத விருந்தாளி. முதல் நாள் எங்கள் டம்ளர்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தார். டம்ளர்களுக்கு நடந்த விசாரணை அந்தத் தராசில்தான். “மாவு நூறுன்னா தண்ணி அறுவது, உப்பு ரெண்டு, ஈஸ்ட் ஒண்ணு. நூறு கிலோவுக்கும் அதுதான், நூறு கிராமுக்கும் அதுதான்.” ஆட்டா மாவு என்றால் தண்ணீர் எழுபது, எழுபத்தஞ்சு கூடப் போகும், தவிடு தண்ணீரைக் குடிக்கும். வெளிநாட்டுக் குறிப்பில் மாவு ஒன்றரை மணி நேரம் பொங்க வேண்டும் என்றிருந்தால் நம் வெக்கைக்கு முக்கால் மணி நேரம் போதும், கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார் என்பார். பெரியம்மையும் இதையேதான் சொல்கிறார், ஆனால் தராசைத் தொடமாட்டார்.

அவர் தயவில் பன் செய்தோம். என்னிடம் ஒரு ஓவன் இருக்கிறது, ஒரு கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் வாங்கி மூன்று வருஷம் துணி மடித்து வைக்கிற அலமாரியாக இருந்தது. அரைக்கிலோ மைதாவில் பத்து பன். மாவு, ஈஸ்ட், சீனி, எண்ணெய் எல்லாம் நாற்பது ரூபாய்க்குள், ஓவன் 1500 வாட், சூடேற்றுகிற நேரத்தோடு முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் முன்பின்தான் ஆகும். ஒரு பன் நாலரை ரூபாய் வருகிறது, கடையில் பத்து. அடேயப்பா என்றேன். டீச்சர் அக்கா நோட்டை எடுத்து, “ஓவன் என்ன வெல?” என்றார். ஐயாயிரம். ஒரு பன்னுக்கு அஞ்சரை ரூபாய் மிச்சம் என்றால் ஓவன் காசு திரும்பத் தொள்ளாயிரம் பன் சுட வேண்டும். அதில் முப்பத்தாறு ஆகியிருக்கிறது. புதுசாக ஓவன் வாங்கிச் சிக்கனம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

தோற்றதில் பெரிய தோல்வி சக்கைக்கொட்டை மாவு பிஸ்கட். பலாக்கொட்டைதான், நாங்கள் சக்கை என்போம். கொட்டையை அவித்து, தோலுரித்து, காயவைத்து, பொடித்து மைதாவுக்குப் பதில் பாதி போடலாம். கொட்டை சும்மா கிடைக்கும். ஆனால் சக்கை பழுக்கிற காலத்திலேயே இடவப்பாதி மழையும் வந்துவிடும், கொட்டை இலவசமாகக் கிடைக்கிற மாதத்தில் வெயில் கிடைக்காது. டீச்சர் அக்கா மொட்டைமாடியில் போட்டது பூசணம் பிடித்தது. நான் கடாயில் வறுத்தே காயவைத்தேன், கேஸ் எரிந்ததுதான் மிச்சம். அந்தக் கொட்டையை மாங்காயும் தேங்காயும் சேர்த்துக் குழம்பு வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். பெரியம்மையின் தாளை அவர் பேத்திதான் எழுதுவாள், அதில் இருந்த ஒரே வரி: ‘இது வேலை இல்லாதவங்க வேலை’.

மரச்சீனியில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், யாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை, அதனால் அதைச் சோதிக்கவும் இல்லை. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரப்பின கிழங்கு, இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது நம் பாட்டிமாரை உயிரோடு வைத்தது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது மட்டும் கசப்புக் கிழங்கு மாட்டின அனுபவத்தில் எல்லாருக்கும் தெரியும். சாளை மீன் சேர்த்தால் நாலு பேர் வயிறு நிறையும். ஆனால் அந்தச் சாளையும் எல்லா மாதமும் மலிவு கிடையாது. இந்தப் பக்கம் குளச்சல், முட்டத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுக்குத் தடை, கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் படகு கரையில், வள்ளத்தில் வருகிற கொஞ்ச மீனுக்குச் சந்தையில் அடிதடி. அதனால் எங்கள் தாள்களில் இப்போது மாதமும் எழுதுகிறோம், எந்த மாதத்தில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று. ஏத்தங்காய்த் (நேந்திரங்காய்த்) தோலும் சிறுபயறும் போட்ட துவரன் (பொரியல்) மாத்திரம் எல்லா மாதமும் ஒரே விலை. தோலை மஞ்சள்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் கறை போகும். சிப்ஸ் வறுக்கிற கடையில் கேட்டால் தோலைப் பையில் கட்டியே தருகிறார்கள், ‘மாட்டுக்கா?’ என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் நாங்கள்தான் புதுசாகத் தொடங்கினோம் என்ற நினைப்பு எனக்கு ஒரு மாதம் இருந்தது. பெரியம்மை அதை உடைத்தார். ஆடிச் செவ்வாய்க்குத் தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோவிலில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை அவிப்பார்கள், அங்கே பத்துக் குடும்பத்துக் கொழுக்கட்டையை ஒரே நாளில் தின்றுபார்த்துத்தான் தன் கொழுக்கட்டை ஏன் வெடிக்கிறது என்று கண்டுகொண்டாராம். “தண்ணி நல்லா தெளைக்கதுக்கு முன்ன மாவப் போட்டேன் மக்களே, ஒரு சீமைக்காரி சொல்லித் தந்தா.” சீமைக்காரி என்றால் வெள்ளைக்காரி இல்லை, பூதப்பாண்டிக்காரி. மைனி, தங்கள் கோவில் அசனத்தில் (பொது விருந்தில்) சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற ஐந்து பேரைப் பற்றிச் சொன்னார். ஐந்து பேரும் சரி என்ற பிறகுதான் அண்டா இறங்கும். அங்கேயும் ‘கொள்ளாம்’ செல்லாது போல.

ஆண்கள் சேர்வார்களா என்று ஒரு தோழி கேட்டாள். தமாம் அண்ணனைத் தவிர யாரும் செய்ய வருவதில்லை, தின்ன வருகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு எங்கள் தாளில் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தோம், நாலு வாரமும் ‘நன்று’ என்று எழுதினார், கட்டத்தை எடுத்துவிட்டோம்.

இப்போது கையில் இருப்பது டிசம்பர் வேலை. கிறிஸ்துமஸ் கேக்கில் போடுகிற அந்தச் சிவப்பு, பச்சைத் துண்டுகள் பப்பாளிக்காய்தான் என்று தமாம் அண்ணன் சொன்னதிலிருந்து மைனிக்கு உறக்கம் இல்லை, அவர் வீட்டுப் பின்னால் மூன்று பப்பாளி மரம் காய்த்துத் தொங்குகிறது. காயைப் பொடியாக வெட்டி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவைத்து, சீனிப்பாகில் ஒரு நாள் போட்டு, வடித்துக் காயவைக்க வேண்டும். நாலு வீட்டிலும் போன வியாழக்கிழமை போட்டோம். நான் பீட்ரூட் சாறு விட்டேன், இளஞ்சிவப்பாக வந்தது, ஆனால் லேசாக மண்வாசம். டீச்சர் அக்கா கடையில் வாங்கின கலர் போட்டார், நாக்கு சிவக்கிறது. பெரியம்மை சீனிக்குப் பதில் கருப்பட்டியில் போட்டிருக்கிறார், துண்டெல்லாம் மண்கட்டி நிறம், ருசி மட்டும் கேட்காதீர்கள், அவ்வளவு நல்லாயிருக்கு, விலையும் கேட்காதீர்கள். மைனியுடையது நசநசவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூன்று நாளாக மழை. நாலு தட்டும் இப்போது எங்கள் வீட்டு ஃபேனுக்கு அடியில் வரிசையாக இருக்கின்றன, எறும்புக்காகக் கீழே தண்ணீர்த் தாம்பாளம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெயில் அடித்தால் தாள் நிரப்பலாம்.